ஆயிரம் பச்சைப்பயறும் 'லிட்டில் பிரதர்' நாவலும்

என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். பள்ளியில் கணினி மன்றத்தில் இருக்கிறாள். கோரி டாக்டரோ எழுதிய 'லிட்டில் பிரதர்' நாவலை நூலகத்திலிருந்து எடுத்து வந்தவள் அவள்தான். மூன்று நாளில் முடித்துவிட்டு, "அம்மா, இதுல ஒரு கணக்கு இருக்கு, நீங்க கட்டாயம் பாக்கணும்" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் சிங்கப்பூரின் ஜூராங் வெஸ்டில் வீட்டிலேயே கணக்குத் துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். கதைப் புத்தகம் தொட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. கணக்கு என்று சொன்னதால் எடுத்தேன்.

2008இல் வந்த நாவல். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'இல் எல்லாரையும் கண்காணிக்கும் 'பிக் பிரதர்' வருவாரே, அந்தப் பெயரைத் திருப்பிப் போட்ட தலைப்பு. சான் ஃபிரான்சிஸ்கோவில் மார்கஸ் என்ற பதினேழு வயதுப் பையன். கணினியில் கெட்டிக்காரன். பள்ளியில் பிள்ளைகளின் நடையை வைத்தே ஆளை அடையாளம் காணும் கேமராக்களை மாட்டியிருக்கிறார்கள். அவன் காலணிக்குள் சரளைக்கல் போட்டு நடையை மாற்றிக்கொண்டு வெளியே நழுவுகிறான். அன்றைக்குப் பார்த்து நகரத்தின் பெரிய பாலத்தைப் பயங்கரவாதிகள் தகர்க்கிறார்கள். தப்பான நேரத்தில் தப்பான இடத்தில் நின்ற குற்றத்துக்காக அவனையும் அவன் நண்பர்களையும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை பிடித்துக்கொண்டு போய், விவரம் யாருக்கும் சொல்லாமல் அடைத்து வைக்கிறது. வெளியே வந்தால் ஊரே மாறிக் கிடக்கிறது. யார் எந்த ரயிலில் எப்போது போனார்கள் என்பதுவரை பதிவாகிறது. மார்கஸும் மற்ற பிள்ளைகளும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிகளை இணைத்து, அரசு ஒட்டுக் கேட்க முடியாத வலைப்பின்னல் ஒன்றை உண்டாக்குகிறார்கள். இதற்கு மேல் கதை சொல்ல மாட்டேன்.

மகள் சொன்ன கணக்குக்கு வருகிறேன். பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு மட்டும் வரும் நோய் ஒன்று. அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை, 99 விழுக்காடு சரியாகச் சொல்லும். கேட்டால் நல்ல சோதனை என்றுதான் தோன்றும். பத்து லட்சம் பேரையும் சோதித்தால், நூறு பேரில் ஒருவர் என்ற கணக்கில் பத்தாயிரம் பேருக்கு நோய் இருப்பதாகத் தவறாகச் சொல்லும். உண்மையில் நோய் உள்ளவர் மொத்தத்தில் ஒரே ஒருவர். மார்கஸ் இதையே பயங்கரவாதியைத் தேடுகிற வேலைக்குப் போட்டுப் பார்க்கிறான். கூட்டம் பெரிது, தேடுகிற ஆள் அரிது என்றால், 99 விழுக்காடு துல்லியமான இயந்திரமும் பெரும்பாலும் அப்பாவிகளைத்தான் காட்டும். நிகழ்தகவை இருபது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். பையில் சிவப்புப் பந்து, நீலப் பந்து என்றுதான் பாடநூலில் இருக்கும். எதற்காக இதைப் படிக்கிறோம் என்று கேட்கும் பிள்ளைக்கு இப்படி ஒரு பதில் என்னிடம் இருந்ததே இல்லை.

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் ஒரு தட்டில் ஆயிரம் பச்சைப்பயறை எண்ணிப் போட்டோம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதில் ஒரே ஒரு உளுந்து. உளுந்துதான் குற்றவாளி. அப்புறம் நூற்றுக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பயறை எடுத்துத் தனியாக வைக்கச் சொன்னேன், உளுந்தையும் சேர்த்து. இப்போது கிண்ணத்தில் பதினொன்று. "போலீஸ் இந்தப் பதினொரு பேர் வீட்டுக் கதவையும் தட்டும்" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. உயர்நிலை இரண்டு படிக்கும் ஒரு பையன், "டீச்சர், அந்தப் பத்துல நான் ஒருத்தனா இருந்தா, உளுந்து இல்லன்னு எப்படி நிரூபிக்கிறது?" என்று கேட்டான். இந்த நாவலுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அந்தக் கேள்விக்கே.

சிங்கப்பூர் வாசகர்களுக்குப் புத்தகத்தின் கடைசியில் இன்னொன்று காத்திருக்கிறது. பின்னுரைகளில் ஒன்றை எழுதியவர் ஆண்ட்ரூ 'பன்னி' ஹுவாங். எக்ஸ்பாக்ஸின் பாதுகாப்பை உடைத்துப் பார்த்து அதைப் பற்றியே நூல் எழுதியவர். சிங்கப்பூரில் வசிப்பவர். கொவிட் காலத்தில், யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார் என்று பதிவுசெய்யும் டிரேஸ்டுகெதர் கருவி வந்தபோது, 2020 ஜூனில் அதைப் பிரித்துப் பார்க்க அரசாங்கம் வெளியிலிருந்து அழைத்த சிலரில் அவரும் ஒருவர். என் மாமியார் அந்தக் கருவியை வீட்டுச் சாவியோடு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் ஈரச்சந்தைக்குப் போவார். தொற்றுத் தடம் அறிய மட்டுமே என்று நம்பி மாட்டியது. 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்கும் காவல்துறை அந்தத் தரவைக் கேட்டுப் பெறலாம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். பலரும் வருத்தப்பட்டார்கள். மறு மாதமே ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் இயற்றி வரம்பு கட்டினார்கள். இதை மகளிடம் சொன்னபோது அவளுக்கு ஆச்சரியம். அப்போது அவள் தொடக்கப்பள்ளி. கருவியைத் தட்டினால் கடைக்குள் விடுவார்கள் என்பது மட்டும்தான் அவளுக்கு நினைவில் இருந்தது.

என் கணவருக்கு நாவல் பிடிக்கவில்லை. அவர் சொன்ன காரணத்தை ஒதுக்கிவிட முடியாது. அவர் பாதுகாவல் மேற்பார்வையாளர். நாள் முழுக்கக் கேமராத் திரைகளுக்கு முன்னால் இருப்பவர். சில வருடங்களுக்கு முன் எங்கள் மாடியில் ஒரு வீட்டுக் கதவில் கடன் முதலைகளின், அதாவது சட்டவிரோதமாக வட்டிக்கு விடுபவர்களின், ஆட்கள் சிவப்புச் சாயத்தை வீசிவிட்டுப் போனார்கள். அந்த வீட்டு அக்கா பல நாள் விளக்கு போடவே பயந்தார். மின்தூக்கிப் பக்கம் இருந்த கேமராவை வைத்துத்தான் ஆளைப் பிடித்தார்கள். "அந்த அக்கா மாதிரி ஒருத்தர் இந்தக் கதையில எங்க?" என்று கேட்டார். உண்மைதான், இல்லை. கண்காணிப்பு வேண்டும் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் கொடுமைக்காரர்களாகவோ ஏமாளிகளாகவோ வருகிறார்கள். மார்கஸை விசாரிக்கும் பெண் அதிகாரிக்குக் கல்மனம் தவிர வேறு குணமே இல்லை. விதிவிலக்கு மார்கஸின் அப்பா. முதலில் அரசாங்கத்தின் பக்கம் நின்று மகனோடு சாப்பாட்டு மேசையில் வாதாடும் அந்த மனிதரின் பயம் எனக்குப் புரிந்தது. அப்படி இன்னும் இரண்டு பேர் இருந்திருந்தால் நாவல் எவ்வளவோ உயர்ந்திருக்கும்.

கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று பாடம் நடத்துவதையும் சொல்ல வேண்டும். செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையீட்டு முறை எப்படி வேலை செய்கிறது, பொதுச் சாவி என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக விளக்கம். எனக்கு அது இனித்தது. மகளின் தோழி அந்த இடங்களைப் புரட்டித் தள்ளியிருக்கிறாள். எக்ஸ்பாக்ஸில் ஏன் இவ்வளவு பாடு என்றும் அவள் கேட்டாளாம். ஆனால் நிரல் எழுதும் இன்பத்தைச் சொல்லும் பகுதியை அவளே மகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். பள்ளியில் எல்லாருக்கும் கோடிங் சொல்லித் தருகிறார்கள்தான். நாம் சொன்னதை ஓர் இயந்திரம் அப்படியே செய்வதைப் பார்க்கிற சிலிர்ப்பை அந்தப் பக்கங்களில்தான் உணர்ந்ததாக இருவரும் சொன்னார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. விசாரணையில் சித்திரவதைக் காட்சி இருக்கிறது, படிக்கக் கஷ்டமாக இருக்கும். பதின்ம வயதுக் காதலும் கொஞ்சம் வெளிப்படையாகவே வருகிறது. பதினான்கு, பதினைந்து வயதுக்குக் கொடுங்கள், நீங்களும் கூடவே படியுங்கள். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. ஆசிரியர் இதைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இணையத்தில் இலவசமாகவே விட்டிருக்கிறார்.

2013இல் வந்த அடுத்த பாகம் 'ஹோம்லேண்ட்'. அதை நூலகத்தில் முன்பதிவு செய்யச் சொல்லி மகள் கேட்டிருக்கிறாள். இந்த முறை முதலில் படிக்கப்போவது தான்தான் என்கிறார் என் கணவர்.