கப்பல் ஓவியம் வாங்குகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

குஜராத்தில் பழைய கப்பல்களை உடைக்கும் அலங் பக்கம் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கும், அங்கிருந்து வாட்சப்பில் வரும் படங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கும் இது. த்ராபஜ் என்ற ஊரைத் தாண்டினால் சாலையின் இரண்டு பக்கமும் உடைத்த கப்பல்களின் சாமான் கடைகள்தான். நாற்காலி, மெத்தை, பீங்கான் தட்டு, ஸ்டீல் மேசை எல்லாம் மலிவாகக் கிடைக்கும். அகமதாபாத் மணிநகரில் எங்கள் வீட்டில் இருக்கும் சாப்பாட்டு மேசையே அங்கே வாங்கியதுதான், இன்றுவரை ஆடவில்லை. அந்தக் கடைகளைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. "பழைய சொகுசுக் கப்பலின் ஓவியம்" என்று தனியாக ஒரு வியாபாரம் நடக்கிறதே, நான் சொல்வது அதை.

என்னிடம் விற்றவர் வீடியோவில் காட்டியது ஐந்தடி நீளப் பலகை. பொன்னிறப் பின்னணி, மூன்று மீன்கள், ஓரத்தில் ஒரு தந்தி வாத்தியம், அந்தக் காலத்துக் கூர்மையான கோடுகள். அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். "பிரான்ஸ்" என்ற பெயருள்ள பழைய சொகுசுக் கப்பலின் முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தது, ஒரே ஒரு பீஸ், 85,000 ரூபாய் என்றார். பாதிப் பணம் யுபிஐயில் முன்கூட்டியே போனது. மீதியைக் கொடுத்தால்தான் சாமானையே இறக்குவேன் என்று டெம்போ டிரைவர் வாசலில் நின்றுகொண்டார். பிரித்துப் பார்க்கவே விடவில்லை. இதுவே அவர்களுடைய வழக்கமான முறை என்று பிறகு தெரிந்தது.

சுவரில் மாட்ட வந்த தச்சர் அதைக் குப்புறப் போட்டார். பின்பக்கம் முழுக்கப் பழுப்பு பெயின்ட். ஒரு மூலையில் பெயின்ட் சரியாகப் பிடிக்காத இடத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது, ஈரத்துணியால் தேய்த்தார். ஐஎஸ்ஐ முத்திரை, அதன் கீழே ஐஎஸ் 710. சமையலறை அலமாரிக்கு நாம் போடுகிற மரைன் பிளைவுட்! விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு போன் செய்தால், மனிதர் அசரவே இல்லை. "மரைன் என்றுதானே முத்திரை இருக்கிறது, கப்பலில் மரைன் பிளை இல்லாமல் வேறு என்ன போடுவார்கள்?" என்கிறார். பிரான்சில் சான் நசேர் தளத்தில் 1960இல் கடலில் இறக்கிய கப்பலுக்கு இந்தியத் தர முத்திரை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நடுவில் ரிப்பேர் செய்தபோது மாற்றியிருப்பார்களாம்.

பொய் சொல்வதற்கு இதைவிடத் தப்பான கப்பல் கிடையாது என்பதுதான் வேடிக்கை. பிரான்ஸ் கப்பலை ஓட்டிய அதே கம்பெனியின் நார்மண்டி என்ற கப்பல் 1942இல் நியூயார்க் துறைமுகத்தில் தீப்பிடித்துக் கவிழ்ந்துபோனது. அப்படிப்பட்ட கம்பெனி பிரான்ஸ் கப்பலைக் கட்டியபோது தீக்குப் பயந்து மரத்தையே கிட்டத்தட்ட ஒதுக்கிவிட்டது. நாற்காலி மேசைகூட உலோகம், சுவர் அலங்காரங்கள் பலவும் அலுமினியத் தகட்டில் செய்தவை. அதன் பெயரில் ஒருவர் பிளைவுட்டைக் காட்டினால் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

கூட வந்த "அசல் சான்றிதழ்" இன்னும் மோசம். 2005 ஜனவரியில் அலங்கில் கழற்றியது என்று சீல் குத்தியிருக்கிறது. நார்வே என்று பெயர் மாறி ஓடிக்கொண்டிருந்த அந்தக் கப்பலில் 2003 மே மாதம் மயாமியில் கொதிகலன் வெடித்து எட்டு ஊழியர்கள் இறந்தார்கள். பிறகு ஜெர்மனிக்கு இழுத்துப் போனார்கள், 2005 ஜனவரியில் அது பிரெமர்ஹாவனில் நின்றுகொண்டிருந்தது. புளூ லேடி என்ற பெயரில் அலங் கரையில் ஏற்றியது 2006 ஆகஸ்டில். உடைக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது 2007 செப்டம்பரில். பழைய அலங்காரச் சாமான்களில் ஒரு பகுதி 1977லேயே மான்டி கார்லோவில் ஏலம் போயிருந்தது, கடைசியில் மிஞ்சியதில் நல்லதை 2009இல் பாரிசில் ஏலம் விட்டார்கள், கப்பலின் மூக்கு நுனி உட்பட. அதற்கெல்லாம் தப்பி இவருடைய குடோனுக்கு மட்டும் ஒரு பீஸ் வந்ததாம்.

சரி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நேரில் போய்க் கேட்டதற்கு, "வேறு பீஸ் தருகிறேன்" என்று ஒரு பழைய பலகையைத் தூக்கி வந்தார். அது நிஜமாகவே ஏதோ கப்பலில் இருந்து வந்திருக்கலாம். முன்னால் நீலத்தில் ஏதோ வரைந்திருந்தது, பின்னால் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒரு போர்டு, ஓரமெல்லாம் உதிர்ந்து அவர் கையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. சைஸ் குறைக்க வேண்டுமா என்று கேட்டபடியே ஒரு பையன் கட்டிங் மெஷினை எடுத்து வந்துவிட்டான், முகத்தில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. நான் கத்தியே நிறுத்தினேன். 1950, 60களில் கட்டிய கப்பல்களில் தீத்தடுப்புக்கென்று ஆஸ்பெஸ்டாஸ் கலந்த போர்டைத்தான் அடித்திருப்பார்கள், புளூ லேடி வழக்கே பெரும்பாலும் அதைப் பற்றியதுதான். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, லேபில்தான் தெரியும். போலியில் பணம் மட்டும்தான் போகும். இந்த மாதிரி அசலை வீட்டில் வைத்துத் துளை போட்டால், அந்தத் தூசியால் இருபது முப்பது வருஷம் கழித்துக்கூட நுரையீரலில் நோய் வரலாம்.

அப்படியும் வாங்கியே தீருவேன் என்றால், அந்தப் பொருள் கப்பலுக்குள் மாட்டியிருந்த நிலையில் எடுத்த படத்தைக் கேளுங்கள். ஒழுங்காகச் சேகரிக்கிறவர்கள் கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுவார்கள். பின்பக்கத்தையும் திருகாணிகளையும் பகல் வெளிச்சத்தில் வீடியோ கேளுங்கள். பிரித்துப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

என் நம்பரை அவர் பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்தேன், அப்புறம் அகமதாபாத் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அதற்காகப் பாவ்நகருக்கு அலைய வேண்டியதில்லை. இதற்கிடையில் சூரத்தில் ஓட்டல் வைத்திருக்கும் நண்பருக்கு அதே மூன்று மீன்களின் படம் போயிருக்கிறது. வாத்தியம் மட்டும் இடது பக்கம் மாறியிருக்கிறது, விலை 1,10,000. உங்களுக்கும் அந்தப் படம் வந்தால் சொல்லுங்கள், மனுவோடு சேர்க்க வேண்டும்.