நடக்கும்போது வரும் நரம்பு வலிக்கு எந்தத் தண்டுவடத் தூண்டி?

டிஸ்க் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் காலில் நரம்பு வலி விடவில்லை. அதனால் தண்டுவட மின்தூண்டி, அதாவது தண்டுவட நரம்புகளுக்கு மின்துடிப்பு அனுப்பி வலியைக் குறைக்கும் கருவி, வைத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் மூன்று வகைகள் இருந்தன. முதலாவது, பல காலமாகப் புழக்கத்தில் இருப்பது. பெரும்பாலும் விநாடிக்கு 40 முதல் 60 துடிப்பு வரை மின்சாரம் செலுத்தி, வலிக்கிற இடத்தில் ஒரு குறுகுறுப்பை உண்டாக்கும். இரண்டாவது, விநாடிக்கு 10,000 துடிப்பு தரும் அதிவேக வகை. இதில் குறுகுறுப்பே தெரியாது. மூன்றாவது, ஒவ்வொரு துடிப்புக்கும் தண்டுவட நரம்புகள் என்ன பதில் தருகின்றன என்று அளந்து, அடுத்த துடிப்பைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் வகை. நான் எடுத்தது இதைத்தான்.

மற்ற விஷயங்களில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். முதுகெலும்புக்குள் மெல்லிய கம்பி, தோலுக்கடியில் பேட்டரி, முதலில் சில நாள் சோதனை. அதில் வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாகப் பொருத்துவார்கள். கம்பி நகர்வதும் கிருமித்தொற்றும் எல்லாவற்றுக்கும் உள்ள ஆபத்துகள். பொருத்திய பிறகு சில வாரங்கள் குனிவதும் முறுக்கித் திரும்புவதும் கூடாது.

என் முடிவைத் தீர்மானித்தது அசைவு. சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்கு வலி தாங்கக்கூடியதுதான். எழுந்து நாலடி வைத்தால் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சுண்டி இழுக்கும்.

தண்டுவடம் முதுகெலும்புக்குள் நீர் சூழ இருக்கிறது. கம்பியில் உள்ள மின்முனைகள் அதற்குப் பின்பக்கம், சற்று வெளியே. மல்லாந்து படுத்தால் தண்டுவடம் பின்னோக்கி இறங்கி மின்முனைக்குக் கிட்டே வரும். எழுந்து நின்றால் விலகும். வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான் என்றாலும் செலுத்தும் மின்சாரம் மாறாதபோது நரம்புக்குப் போய்ச் சேரும் அளவு வெகுவாக மாறிவிடும். படுக்கையில் சரியாக இருக்கிற அளவு, நடக்கும்போது போதாது. நடைக்கு ஏற்ப வைத்தால், படுத்ததும் கால் முழுக்க ஜிவ்வென்று ஏறும். இருமினாலோ தும்மினாலோ சட்டென்று தூக்கிப்போடும்.

என் கருவியை நிலையான அளவிலும் ஓட்டலாம், தானே திருத்திக்கொள்ளும்படியும் ஓட்டலாம். அதனால் இரண்டையும் ஒரே உடம்பில் ஒப்பிட முடிந்தது. நிலையான அளவில் இருந்தபோது படியேறும் முன் ரிமோட்டில் கூட்டுவேன், மேலே போய் உட்கார்ந்ததும் குறைப்பேன். தானியங்கி முறைக்கு மாற்றிய பிறகு ரிமோட் பெரும்பாலும் மேசையிலேயே கிடக்கிறது. வேண்டுமென்றே பலமாக இருமிப் பார்த்தேன். அந்த உதறல் இல்லை.

பழைய வகையிலேயே, உடம்பு நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று உணர்ந்து அளவை மாற்றும் கருவிகளும் உண்டு. அவை நிலையைத்தான் கவனிக்கின்றன, நரம்பை அல்ல. நின்றபடியே இருமினால் உடம்பின் நிலை மாறுவதில்லை. தண்டுவடம் மட்டும் அசைகிறது. அதனால்தான் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

2020-இல் வெளியான ஆய்வு ஒன்று எனக்குத் தெம்பு தந்தது. 134 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரே கருவியைப் பாதிப் பேருக்கு நிலையான அளவிலும் மற்றவர்களுக்குத் தானே திருத்தும் முறையிலும் ஓட்டினார்கள். ஓராண்டு முடிவில் வலி பாதிக்கு மேல் குறைந்தவர்கள் தானியங்கி முறையில் சுமார் 83 சதவீதம், நிலையான முறையில் சுமார் 61. ஆய்வுக்குப் பணம் தந்தது தயாரித்த நிறுவனம்தான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, அதிவேக வகை? குறுகுறுப்பே இல்லாததால் அசையும்போது தூக்கிப்போடுவதும் இல்லை. குறுகுறுப்பு தரும் கருவிகளை வண்டி ஓட்டும்போது அணைக்கச் சொல்வார்கள், இதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. 198 பேரிடம் நடந்த ஒப்பீட்டில், முதுகு வலிக்குப் பழைய வகையைத் தெளிவாக முந்தியது. மின்செலவு அதிகம் என்பதால் பலர் தினமும் சார்ஜ் போடுகிறார்கள். ஆனால் இதை நான் உடம்பில் வைத்து வாழ்ந்ததில்லை, நடையில் எப்படி இருக்கும் என்று அனுபவத்திலிருந்து சொல்ல என்னால் முடியாது. குறுகுறுப்பைச் சகிக்கவே முடியாதவர்களும், காலைவிட முதுகு அதிகம் வலிப்பவர்களும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

என் தேர்விலும் குறை இருக்கிறது. குறுகுறுப்பு இலேசாக இருந்துகொண்டேதான் இருக்கும். சார்ஜ் போடும் வேலையும் தீரவில்லை. நீண்ட தூரம் நடந்தால் கால் இன்னமும் வலிக்கிறது, பழைய அளவுக்கு இல்லை அவ்வளவுதான். பல ஆண்டுகள் போன பிறகும் இதே பலன் நிற்குமா என்பது எனக்கு இனிமேல்தான் தெரிய வேண்டும்.

சோதனை நாட்களில் படுத்து ஓய்வெடுத்தே பொழுதைக் கழித்துவிடாதீர்கள். மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு நடங்கள், படியேறுங்கள், எழுந்து எழுந்து உட்காருங்கள். கருவி இரண்டு முறைகளிலும் ஓடும் என்றால் இரண்டிலும் நடந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.