குளத்தில் பரிசல்: அனுமதியா, அனுபவ பாத்தியமா?

காரைக்குடிப் பக்கம் பட்டா நிலத்துக் குளத்தில் பரிசல் விட இரண்டு வழிகள் உண்டு. உரிமையாளரிடம் அனுமதி கேட்பது எளிது, வாய்ச்சொல்லே போதும். ஆனால் அவர் மனம் மாறினால், வெளியேற நியாயமான அவகாசம் மட்டுமே கிடைக்கும். அதன்பிறகும் துடுப்புப் போட்டால் அத்துமீறல்தான்.

இன்னொரு வழி அனுபவ பாத்தியம், அதாவது பிறர் நிலத்தை நெடுங்காலம் பயன்படுத்தி வந்ததாலேயே கிடைக்கும் உரிமை. அது அவ்வளவு லேசில் கலையாது, கிடைப்பதுதான் கடினம். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றி, அனுமதி கேட்காமல் உரிமையோடு அனுபவித்திருக்க வேண்டும். அதுவும் தன் நிலத்தின் பயன்பாட்டுக்காக; பொழுதுபோக்க வரும் வெளியூர்க்காரருக்கு அது எட்டாக்கனி. வேடிக்கை என்னவென்றால், அனுமதி பெற்று ஐம்பது ஆண்டுகள் ஓட்டினாலும் அது பாத்தியமாகாது.

நான் அனுமதியே கேட்பேன். செட்டிநாட்டுக் கோடையில் குளத்தில் தண்ணீர் நின்றால்தானே வழக்கெல்லாம்!