லைன் வேலைக்கு லிஃப்ட் வண்டி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: எனக்குப் போனது 11,40,000 ரூபாய்

கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 11 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஸ்கைலிஃப்ட் வண்டி, அதாவது ஆளைக் கூடையில் வைத்துக் கம்பத்து உயரத்துக்குத் தூக்குகிற வண்டி, என் கொட்டகையில் சும்மா நிற்கிறது. விற்ற புண்ணியவான்கள் போனை எடுப்பதில்லை. மின்வாரிய ஒப்பந்த வேலை, பஞ்சாயத்துத் தெருவிளக்கு, பம்ப்செட் சர்வீஸ் என்று லைன் வேலை பார்க்கிற நண்பர்கள் பலர் "எந்தக் கம்பெனி வண்டியை நம்பி வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

நான் டெல்டா பக்கம். கம்பம் நடுவது, கண்டக்டர் கம்பி இழுப்பது, டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றுவது, இதுதான் பிழைப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டதே, அப்போது வயல் சேற்றில் சிமெண்ட் கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு போன கூட்டத்தில் என் ஆட்களும் உண்டு. ஏணியையும் கயிற்றையும் மட்டும் நம்பி இனிமேல் ஓட்ட முடியாது, கூடை வைத்த வண்டி ஒன்று வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது. புது வண்டி வாங்கி அதில் புது லிஃப்ட் ஏற்றுகிற அளவுக்கு வசதி இல்லை. பழையதுதான் கட்டுப்படியாகும்.

பிராண்ட் விஷயத்தில் நான் விசாரிக்காத ஆள் இல்லை. டாடா 407 என்றால் 1986-லிருந்து ஓடுகிற வண்டி, சின்ன டவுன் மெக்கானிக்கூட கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார், சாமானுக்கு அலைய வேண்டாம். ஐஷர் என்றால் மைலேஜ் என்பார்கள். அசோக் லேலண்டுக்கு எண்ணூரிலும் ஓசூரிலும் தொழிற்சாலை, சர்வீஸுக்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. ஆளையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு வரப்பு வரைக்கும் போக பொலேரோ கேம்பர். எல்லாமே சரிதான். நான் வாங்கியதும் இந்த மாதிரி நாலு பேர் நல்லவிதமாகச் சொல்கிற வண்டிதான். அதன் பெயரை எழுதப் போவதில்லை, ஏனென்றால் அந்தக் கம்பெனி எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதன் பெயரைக் காட்டித்தான் இன்னொருவன் என் மடியில் கைவைத்தான்.

விற்றது பழைய சரக்கு வண்டிகளை 'சோதித்து, சான்று கொடுத்து' விற்கிற ஓர் ஆன்லைன் தளம். போனில் பார்த்துப் பிடித்தால் பைபாஸ் ஓரத்தில் இருக்கிற அவர்களுடைய யார்டுக்குப் போய் நேரில் பார்க்கலாம். இதற்கு மேல் அடையாளம் சொல்ல வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

யார்டில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாமே அங்கேதான் முடிந்துபோனது. 2021 மாடல், பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டி, 38,000 கிலோமீட்டர். டயர் நன்றாக இருந்தது. வண்டியைத் தாங்குகிற சேசிஸ் சட்டத்துக்குப் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். மேனேஜர் டேப்லெட்டைத் திறந்து ஆய்வு ரிப்போர்ட்டைக் காட்டினார், பக்கம் பக்கமாகப் பச்சை டிக். என்னோடு வந்த மெக்கானிக் எஞ்சினைப் பார்த்தார், ஆயிலைத் தொட்டுப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். சைலன்சர் வாயில் விரல் விட்டால் கரியே ஒட்டவில்லை. நான் லிஃப்டைப் பார்க்க வேண்டும் என்றேன். அந்த மேனேஜர் செய்த காரியத்தைக் கேளுங்கள். வெள்ளைச் சட்டை, இன் பண்ணிய பேண்ட், அந்தக் கோலத்திலேயே கூடைக்குள் ஏறினார். "நானே போறேண்ணே. எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு. நம்பிக்கை இல்லாமலா ஏறுவேன்?" ஆபரேட்டர் லிவரைத் தள்ளினான், கூடையைத் தாங்குகிற கை, அதாவது பூம், நிமிர்ந்தது, மனுஷன் உச்சிக்குப் போய் எனக்குக் கையை ஆட்டினார். இறங்கி வந்து கூடையைத் தட்டிக் காட்டி, "ஃபைபருண்ணே, ஷாக்கே அடிக்காது" என்றார். டீ வந்தது. என் அப்பா வயசு, குடும்பம், தொழில் எல்லாம் விசாரித்தார். வீட்டு நகையை வைத்து எடுத்தது பாதி, ஃபைனான்ஸ் பாதி, மொத்தம் 11,40,000. அன்று மாலையே பணம் ஏறிவிட்டது.

முதல் சில வேலை சின்னச் சின்னது, தெருவிளக்கு மாற்றுவது மாதிரி. ஏறி இறங்க அஞ்சு நிமிஷம். பிரச்சினை தெரியவில்லை. அப்புறம் ஒரு எல்டி (குறைந்த அழுத்த) லைனில் இன்சுலேட்டர் மாற்ற வேண்டியிருந்தது. லைனில் கரண்டை நிறுத்தி வேலை பார்க்கிற அனுமதியான எல்சி வாங்கி, எர்த் போட்டு, என் ஆள் கூடையில் ஏறினார். கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து சத்தம்: "அண்ணே, கிராஸ் ஆர்ம் மேலே போவுது!" கம்பத்தில் பொருத்திய குறுக்குச் சட்டம், கிராஸ் ஆர்ம் எங்கே போகும்? கூடைதான் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. லிவரை யாரும் தொடவில்லை. சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. நல்லவேளை, பெல்ட்டை மாட்டியிருந்தார், வேகமாகவும் இறங்கவில்லை. அன்றைக்கு அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவர் வீட்டுக்கு நான் எந்த முகத்தோடு போயிருப்பேன்?

ஹைட்ராலிக் வேலை தெரிந்தவரிடம் காட்டினேன். சிலிண்டர் சீல் போயிருக்கிறது, ஆயிலைப் பிடித்து நிறுத்த வேண்டிய வால்வும் தேய்ந்திருக்கிறது என்றார். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது தாங்கும், சூடேறி இளகினால் கசியும். அந்த வெள்ளைச் சட்டை மேலே நின்றது எவ்வளவு நேரம் என்று இப்போது யோசித்தால் ரத்தம் கொதிக்கிறது. ஹைட்ராலிக்காரர் இன்னொன்றும் காட்டினார். கேபினுக்குப் பின்னால், லிஃப்டின் அடிச்சட்டம் சேசிஸோடு சேருகிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே பட்டிப் பூச்சு, அதற்கு அடியில் வெல்டிங் தழும்பு. சேசிஸ் விரிசல் விட்டதை ஒட்டவைத்து மூடியிருக்கிறார்கள். ஃபைபர், ஷாக்கே அடிக்காது என்றதும் சுத்தப் பொய். கூடை மட்டும் ஃபைபராக இருந்து என்ன பிரயோஜனம், பூம் முழுக்க இரும்பு. கரண்ட் தாங்குகிற லிஃப்ட் என்றால் பூமிலேயே இன்சுலேட்டட் பகுதி இருக்க வேண்டும், அதை அவ்வப்போது உயர் மின்னழுத்தம் கொடுத்துச் சோதித்த சான்றிதழும் வேண்டும். இவர்களிடம் டீயைத் தவிர ஒன்றும் இல்லை.

இதற்குள் எஞ்சின் லைட் எரிய ஆரம்பித்தது. இழுவை போய்விட்டது, மேடு ஏறவில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்த பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "சார், மீட்டர்ல 38,000 சொச்சம். எஞ்சின் ஓடின மணி நேரம் நாலாயிரத்துக்கு மேல இருக்கே?" கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூட வரவில்லை. அதாவது இந்த வண்டி ரோட்டில் ஓடியதைவிட நின்ற இடத்தில் ஓடியதுதான் அதிகம். லிஃப்டைத் தூக்குவது பிடிஓ. கியர்பாக்ஸிலிருந்து சக்தி எடுத்து ஹைட்ராலிக் பம்பைச் சுற்றும். வண்டி ஒரே இடத்தில் நிற்கும், கிலோமீட்டர் ஏறாது, எஞ்சின் தேய்ந்துகொண்டே இருக்கும். பிஎஸ்6 டீசல் வண்டியில் இன்னொரு தொல்லை உண்டு. கரியைப் பிடித்துவைக்க டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. புகைச் சூடு ஏறினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும், அதற்கு வண்டி ஹைவேயில் ஒரே சீராக ஓட வேண்டும். ஐடிலில் கிடக்கிற லிஃப்ட் வண்டிக்கு அந்தச் சூடு எங்கே வரும்? அடைத்துக்கொள்ளும். விற்பதற்கு முன்னால் கட்டாயமாக எரிக்க வைத்து, ஃபால்ட்டை அழித்து, லைட்டை அணைத்து நிறுத்தியிருப்பார்கள் என்றான் அந்தப் பையன். புது வடிகட்டிக்கு அவன் சொன்ன விலையை இங்கே எழுதினால் எனக்கே வயிறு எரிகிறது.

மூன்றாவது அடி ஆர்டிஓவில். எஃப்சி என்ற தகுதிச் சான்றுக்காக வண்டியைக் காட்டப் போனால், ஆர்சியில் சாதாரணத் திறந்த பாடி சரக்கு வண்டி என்று இருக்கிறது, மேலே லிஃப்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார் இன்ஸ்பெக்டர். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி இப்படி மாற்றினால் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். முதல் ஓனரும் ஏற்றவில்லை, இவர்களும் ஏற்றவில்லை. நாளைக்கு ஏதாவது விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரன் முதலில் இதைத்தான் பிடிப்பான்.

சரி, இப்போது அவர்கள் என்னை ஓட வைத்த கதை.

மேனேஜர் முதலில், "அண்ணே, அது சின்ன சீல்ணே, ஆள் அனுப்புறேன்." ஆள் வரவில்லை. அடுத்த வாரம், "சார், லிஃப்ட் எங்க ரிப்போர்ட்லயே வராது. நாங்க வண்டியைத்தான் செக் பண்ணுவோம்." லிஃப்ட் வண்டியில் லிஃப்டைப் பார்க்க மாட்டார்களாம்! கூடையில் ஏறிக் கையாட்டியது யார் என்று கேட்டேன், லைன் கட். கஸ்டமர் கேருக்கு அடித்தால் ஒரு பாட்டு, பாட்டு முடிந்ததும் ஒரு பெண் குரல், "யார்டு எங்கள் பார்ட்னர், அவர்களிடம் பேசுங்கள்." யார்டில் கேட்டால் "நாங்கள் இடம்தான் கொடுக்கிறோம், விற்றது பழைய ஓனர்." பழைய ஓனர் நம்பர் கேட்டால் தனியுரிமை. மெயில் போட்டேன், "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்று பதில் வந்தது, கூடவே 5,000 ரூபாய்க்கு ஒரு சர்வீஸ் கூப்பன். போனது 11,40,000, கொடுத்தது 5,000 கூப்பன், அதுவும் அவர்களுடைய வொர்க்‌ஷாப்பில் மட்டும்தான் செல்லுமாம்.

நேரில் போனேன். மேனேஜர் லீவாம். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் அதே வெள்ளைச் சட்டை உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. வாசலில் நின்ற பையன், "கமர்ஷியல் வண்டி சார், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது, வீணா அலையாதீங்க" என்று எனக்கு இலவச ஆலோசனை சொன்னான். இதைக் கேட்டுப் பயந்து திரும்புகிறவர்கள்தான் அதிகம் என்கிறார் வக்கீல். 2019 நுகர்வோர் சட்டத்தில் வியாபார நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று இருப்பது உண்மை. ஆனால் சொந்த உழைப்பில் ஜீவனம் நடத்த மட்டுமே வாங்கி, தானே பயன்படுத்துகிறவருக்கு அந்தத் தடை இல்லை என்று அங்கேயே விளக்கமும் இருக்கிறது. நாலு ஆள் வைத்துத் தானும் கம்பம் ஏறுகிறவன் அதில் வருவானா என்பதை நுகர்வோர் கமிஷன் சொல்லட்டும், வாசலில் நிற்கிற பையன் சொல்ல வேண்டாம்.

பிராண்ட் சொல்கிறேன் என்றேன் அல்லவா. உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டரும் ஸ்கேனரும் சாமானும் இருக்கிறதோ, அதை வாங்குங்கள். அவ்வளவுதான், இதற்கு மேல் பிராண்டில் ஒன்றும் இல்லை. மற்றபடி அவசரமாகச் சில:

கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், எஞ்சின் மணி நேரத்தைக் கேளுங்கள். ஸ்கேனர் போட விடமாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

லிஃப்டை நன்றாகச் சூடேறும்வரை ஏற்றி இறக்கி, பிறகு எடையோடு மேலே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சிலிண்டர் தண்டில் சாக்பீஸ் கோடு போட்டு அரை மணி நேரம் விடுங்கள். எவன் கையாட்டினாலும் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள்.

புதுப் பெயிண்ட் அடித்த சேசிஸ் என்றால் சுரண்டிப் பாருங்கள்.

ஆர்சியில் லிஃப்ட் ஏறியிருக்கிறதா, கடன் பாக்கி இருக்கிறதா என்று எம்பரிவாகன் ஆப்பிலும் ஆர்டிஓவிலும் பாருங்கள். பழைய வண்டி விற்கிற டீலர்கள் ஆர்டிஓவில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள்.

வாயால் சொன்னதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்லி வாங்குங்கள். என்னிடம் கூடையில் ஏறிய வீடியோ ஒன்று இருக்கிறது, என் ஆள் விளையாட்டாக எடுத்தது. வக்கீல் அதைப் பார்த்துவிட்டு அழிக்காமல் வையுங்கள் என்றார்.

இன்னும் எழுத இருக்கிறது, பொறுமை இல்லை. இந்த மாத ஃபைனான்ஸ் தவணை வந்துவிட்டது, வாடகை லிஃப்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். தளத்தின் பெயரை இப்போதைக்குக் கேட்காதீர்கள். இதே மாதிரி யார்டில் பணம் கட்டிவிட்டு டெலிவரிக்குக் காத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால், வண்டியை எடுப்பதற்கு முன்னால் அந்த அரை மணி நேர டெஸ்டை மட்டுமாவது செய்துவிடுங்கள்.