மளிகையா, மருந்தா: எதில் ஆபத்து அதிகம்?

கடையை விரிவாக்கும்போது மளிகையைப் பெரிதாக்குவதா, மருந்துப் பிரிவைச் சேர்ப்பதா என்று குழம்புபவர்கள் பலர்.

லாபம்
மளிகை: பெரிய சங்கிலிக் கடைகளுக்கே நிகர லாபம் பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம்தான். பக்கத்துக் கடை விலையைக் குறைத்தால் நாமும் குறைத்தாக வேண்டும்.
மருந்து: விலை பெரும்பாலும் நம் கையில் இல்லை. அமெரிக்கா போன்ற நாடுகளில் வாடிக்கையாளரின் காப்பீட்டு நிறுவனம்தான் கடைக்குப் பணம் தரும்; அந்தத் தொகை குறைந்தால் விற்றும் நஷ்டம்.

சரக்கு
மளிகை: காய், பால் சீக்கிரம் கெடும். ஆனால் நஷ்டம் சிறுகச் சிறுகத்தான் வரும்.
மருந்து: காலாவதிக்கு மாதக்கணக்கில் நேரம் உண்டு. ஆனால் இன்சுலின் போன்றவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். குளிர்பெட்டி பழுதானால் போச்சு.

சட்டம்
மளிகை: கெட்ட சரக்கைத் திரும்பப் பெறும் செலவு, கொஞ்சம் கெட்ட பெயர்.
மருந்து: உண்மையான பயம் இங்கேதான். ஒரு மாத்திரை மாறினால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவின் மருந்துக்கடைச் சங்கிலியான ரைட் எய்டு 2023 அக்டோபரில் திவால் பாதுகாப்பு கோரியது. கடனோடு ஓபியாய்டு (அடிமையாக்கக்கூடிய வலி மருந்து) விற்பனை தொடர்பான வழக்குகளும் அதற்குக் காரணம்.

ஆள்
மளிகை: புது ஆளைச் சீக்கிரம் பழக்கிவிடலாம்.
மருந்து: மருந்தாளுநர் இல்லையா, கவுண்டரை மூடு.

கையில் பணம் குறைவு, கூட்டம் நிறைய என்றால் மளிகை. நிலையான மருந்தாளுநரும் வழக்கைத் தாங்கும் காப்பீடும் இருந்தால் மருந்தைச் சேர்க்கலாம். மாதாமாதம் மருந்து வாங்குபவர் மளிகையும் வாங்கிப் போவார்.