பழைய பென்டியம் லேப்டாப்பில் ஐ7-3632கியூஎம்: காசுக்குத் தகுமா?

பென்டியம் 2020எம் போட்டு வந்த மலிவு லேப்டாப்புகளுக்கு, செகண்ட் ஹேண்டில் வாங்கத் தோதான இன்டெல் பிராசசர் இந்த ஐ7-3632கியூஎம். 2 கோருக்கு (கணக்குப் போடும் பகுதி) பதில் 4 கோர், ஒரே நேரத்தில் 8 திரெட் (வேலைத்தொடர்). மின்தேவை அதே 35 வாட்தான். 45 வாட் ஐ7-3610கியூஎம் பக்கம் போகாதீர்கள், லேப்டாப்பில் உள்ள சின்ன ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) தாங்காது.

வாங்குமுன் உங்கள் லேப்டாப் போர்டின் சிப்செட்டை (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) பாருங்கள். எச்எம்76 என்றால் சரி. எச்எம்70 என்றால் காசு தண்டம்: கோர் ஐ வரிசை பிராசசர் போட்டால் ஆன் ஆகும், அரைமணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். 3632கியூஎம் என்ற இதே எண்ணில், போர்டோடு பற்றவைக்கும் பிராசசர் வகையும் உண்டு. அடியில் பின் இருப்பதைத்தான் வாங்க வேண்டும். பயாஸை (லேப்டாப்பைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) முதலிலேயே அப்டேட் செய்துவிடுங்கள்.

மாற்றுவது எளிது. பேட்டரியைக் கழற்றி, ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களை 4, 3, 2, 1 என்ற எண் வரிசையில் தளர்த்தி எடுத்து, பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பூட்டைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் அரைச்சுற்று திருப்பினால் பழையது கையோடு வரும். மூலையில் உள்ள முக்கோணக் குறியைப் பார்த்துப் புதியதை வையுங்கள்; தானாக உட்கார வேண்டும், அழுத்தினால் பின் வளையும். பூட்டைத் திருப்பி மூடியபின், சூட்டைக் கடத்தும் பேஸ்ட் ஓர் அரிசி அளவு மேலே வைத்தால் போதும். பிராசசரின் மேலே உலோக மூடி கிடையாது, ஹீட்சிங்கைத் திரும்ப மாட்டும்போது ஒரே பக்கமாக முறுக்கினால் சிலிக்கான் விளிம்பு உடையும்.

வீடியோ ரெண்டரிங்கில் வேகம் நன்றாகவே தெரியும். பிரவுசர் திறக்க மட்டும் என்றால் முதலில் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். விண்டோஸ் 11-இல் இந்தப் பிராசசருக்கும் அதிகாரபூர்வ ஆதரவு இல்லை.