ஓப்பல் காலுறை நூல்: பின்னுவோருக்கான ஒரு மதிப்பீடு

கையால் பின்னும் காலுறையில் வண்ண வேலைப்பாடும் வேண்டும், இழுத்த இழுப்புக்கு நெகிழவும் வேண்டும் என்றால் பழைய முறை இடம் கொடுப்பதில்லை. இரண்டு வண்ண நூல்களை மாற்றி மாற்றிப் பின்னி வடிவம் எழுப்பும்போது, அந்தந்தக் கண்ணியில், அதாவது பின்னலின் ஒவ்வொரு வளையத்திலும், வேலையில்லாத நூல் துணியின் உட்புறத்தில் குறுக்காக ஓடுகிறது. வெளியே உள்ள கண்ணிகள் விரிந்து கொடுத்தாலும் உள்ளே ஓடும் அந்த இழை விரிவதில்லை. ஸ்வெட்டரில் இது பெரிய குறையல்ல. காலுறையிலோ, கணுக்காலுக்குச் சரியாக இருப்பது குதிகாலைத் தாண்ட மறுக்கும். தென் ஜெர்மனியின் ரோட்டன்புர்க் நகரைச் சேர்ந்த ஒரு நூல் நிறுவனம் தயாரிக்கும் ஓப்பல் நூல், இந்தச் சிக்கலை நூலிலேயே தீர்த்துவிடுகிறது. வண்ணங்கள் அளந்து அளந்து நூலின் மேலேயே ஏற்றப்பட்டிருப்பதால், ஒரே நூலை வட்டமாகப் பின்னிக்கொண்டு போனாலே பட்டைகளும் புள்ளிகளும் தாமாக வந்து அமைகின்றன. உட்புறத்தில் ஓடும் இழை எதுவும் இல்லை. ஆகவே நெகிழ்வும் குறைவதில்லை.

நூலின் கலவை 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் பாலிஅமைடு என்னும் நைலான் வகை இழை. 100 கிராம் கண்டில் 425 மீட்டர் இருக்கிறது. பெரும்பாலான பாதங்களுக்கு ஒரு கண்டு ஒரு ஜோடிக்குப் போதும். பாலிஅமைடு சேர்ப்பது நெகிழ்வுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அது சேர்வது குதிகாலும் விரல் நுனியும் தேய்ந்து ஓட்டை விழாமல் இருப்பதற்காக. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் குணம் கம்பளி இழையில் இயல்பாகவே உள்ள சுருளிலிருந்து வருகிறது. அந்தக் குணத்தைப் பயன்படுத்துவதும் வீணாக்குவதும் பின்னுபவரின் கையில் இருக்கிறது.

முதலில் அளவு. இந்த வகை நூலுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரையிலான ஊசிகள் பொருந்தும். 10 சென்டிமீட்டர் சதுரத்துக்குச் சுமார் 30 கண்ணிகளும் 42 வரிசைகளும் வரவேண்டும். பாதத்தின் சுற்றளவு 22 சென்டிமீட்டர் என்றால் அதே அளவுக்குப் பின்னக் கூடாது. பத்தில் ஒரு பங்கு குறைத்து 20 சென்டிமீட்டருக்கு, அதாவது 60 கண்ணிகளுக்குப் பின்னினால்தான் காலுறை காலைப் பற்றி நிற்கும். தளர்வாகப் பின்னும் பழக்கமுள்ளவர்கள் 2.25 மில்லிமீட்டர் ஊசிக்கு இறங்குவது நல்லது. தளர்ந்த பின்னல் தொடுவதற்கு மென்மையாக இருந்தாலும் விரைவில் தொய்ந்துவிடும்.

அடுத்து, எந்தப் பின்னல் என்ற கேள்வி. வெளிப்பக்கம் வழவழப்பாக அமையும் நிட் கண்ணியை மட்டும் பின்னினால் நூலில் உள்ள கோலம் மிகத் தெளிவாகத் தெரியும். ஆனால் அது நெகிழ்வு குறைந்த வழி. இரண்டு நிட், இரண்டு பர்ல் (நிட்டின் மறுபக்கம்போலத் தெரியும் கண்ணி) என்று மாற்றி மாற்றி, மேடும் பள்ளமுமான செங்குத்துக் கோடுகளாக ரிப் பின்னினால் நன்றாக விரிந்து சுருங்கும். அதற்கு ஒரு விலை உண்டு: வண்ணம் மாறும் வரிசையில் பர்ல் கண்ணிகள் பழைய வண்ணத்தையும் புதிய வண்ணத்தையும் சேர்த்துக் காட்டுவதால், பட்டையின் ஓரம் உடைந்து தெரியும், நுண்ணிய புள்ளி வேலைப்பாடு ஏறக்குறைய மறைந்தே போகும். என் தேர்வு மூன்று நிட், ஒரு பர்ல். கணுக்காலிலும் மேற்பாதத்திலும் அது, உள்ளங்காலில் வெறும் நிட், மேல் விளிம்பில் மட்டும் ஐந்து சென்டிமீட்டருக்கு இரண்டுக்கு இரண்டு ரிப். ஒற்றைப் பர்ல் வரி உள்ளே மடங்கி மறைவதால் வடிவமும் பெரிதாகக் கெடாது. ஓட்டை வேலைப்பாடுகளையோ கயிறு முறுக்குப் பின்னலையோ இந்த நூலில் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. நூலின் வண்ணமும் கையின் வேலையும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும்.

மேலிருந்து கீழாகப் பின்னுபவர்கள், கண்ணி ஏற்றும் முதல் வரிசையை இறுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த விளிம்பு கணுக்காலைச் சுற்றினால் போதாது. குதிகாலையும் மேற்பாதத்தையும் சாய்வாகச் சுற்றி வரும் மிகப் பெரிய அளவைத் தாண்டியாக வேண்டும். இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்துக் கண்ணி ஏற்றுவது எளிய வழி. இங்கே விளிம்பு இறுகிவிட்டால் கீழே எத்தனை ரிப் பின்னியும் பயனில்லை.

இந்த நூல் உண்மையில் தடுமாறும் இடம் குதிகால். வடிவம் முழு வட்டத்தின் நீளத்தைக் கணக்கிட்டு அச்சிடப்பட்டது. குதிகாலின் பின்புறத்தை மூடும் பட்டையான குதிகால் மடலைப் பாதிக் கண்ணிகளில் முன்னும் பின்னுமாகப் பின்னும்போது ஒவ்வொரு பட்டையும் இரண்டு மடங்கு அகலமாகிறது. பிறகு பக்கவாட்டில் கண்ணிகளை எடுத்துச் சேர்க்கையில் பட்டைகள் திடீரென மெலிந்துபோகின்றன. கணுக்காலில் அழகாக ஓடிவந்த கோலம் மேற்பாதத்தில் கலைவது இதனால்தான். குதிகால் வரும் இடத்தில் வேறொரு நூலால் பாதி வரிசையைப் பின்னி வைத்து, காலுறை முடிந்தபின் அதைப் பிரித்துக் குதிகாலைத் தனியே வட்டமாகப் பின்னினால் வடிவம் தடைபடாது. தனிநிற நூலில் பின்னிய குதிகால் பார்க்கவும் நன்றாக இருக்கும். தேய்ந்துபோனால் அதை மட்டும் பிரித்து மாற்றவும் முடியும். மேற்பாதம் உயர்ந்தவர்களுக்கு மட்டும் இந்த அமைப்பு ஆழம் போதாமல் இழுக்கும். அவர்கள் கோலம் கலைந்தாலும் மடல் வைத்த குதிகாலையே பின்னிக்கொள்வது நல்லது.

இரண்டு காலுறைகளும் ஒன்றுபோல அமைய வேண்டுமானால், முதலாவதை எந்த வண்ண மாற்றத்தில் தொடங்கினோமோ அதே இடத்தை நூலில் தேடி இரண்டாவதைத் தொடங்க வேண்டும். அதற்காகச் சில மீட்டர் நூலைக் கழிக்கவும் நேரும். ஆஸ்திரிய ஓவியர் ஹுண்டர்ட்வாஸரின் ஓவியங்களின் வண்ணங்களைக் கொண்டும் இந்த நூல் வந்திருக்கிறது. அவரோ இரண்டு கால்களிலும் வெவ்வேறு காலுறை அணிந்து நடந்தவர். அந்த வரிசை நூலை வாங்கிப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருப்பது வேடிக்கைதான்.

தொடுவதற்கு இது மெரினோ ஆட்டின் மென்கம்பளி நூல்களைப் போல வழவழப்பானதல்ல. புதிதில் சற்றே முரடாக இருக்கும், துவைக்கத் துவைக்க இளகும். அன்றாடம் அணியும் காலுறைக்கு அந்த முரட்டுத்தனத்தை நான் குறையாகச் சொல்லமாட்டேன். 40 டிகிரியில் கம்பளிக்கான சுழற்சியில் இயந்திரத்திலேயே துவைக்கலாம். உலர்த்தும் இயந்திரத்தில் போடாமல், தட்டையாக விரித்து நிழலில் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தன் எடையிலேயே நீண்டுவிடும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களிலோ குளிர் நாடுகளிலோ இருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சென்னை வெயிலில் அணிய நினைப்பவர்களும் கம்பளி பட்டால் தோல் அரிப்பவர்களும், மெல்லிய மீள் இழை சேர்த்த பருத்தி நூலைத் தேடுவதே சரி.